ஃப்ரெடி க்ரூகர் படங்களைப் பார்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் ஸ்லாஷர் வகைத் திகில் படங்களில் அவனிடமிருந்து தப்பிக்க எப்போதும் ஏதாவது ஒரு வழி இருக்கும். ஓடலாம், கதவைத் தாழிடலாம், ஊரைவிட்டே போய்விடலாம். 1984 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ அந்த வழிகள் அத்தனையையும் அடைத்தது. அதில் வரும் ஃப்ரெடி க்ரூகர் கனவுக்குள் வந்து கொல்பவன். தூங்காமல் இருந்தால் தப்பலாம். ஆனால், எத்தனை நாளைக்குத் தூங்காமல் இருக்க முடியும்?

2010 வரை ஒன்பது படங்கள் வந்துவிட்டன. நடுவில் ஒரு தொலைக்காட்சித் தொடரும் உண்டு. முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஐந்தாவது படத்துக்குள் சலித்துவிடும். இந்தப் படங்களின் பயம் கத்தியில் இல்லை என்பது என் கருத்து. பாத்திரம் எந்த நொடியில் தூங்கிப்போனது என்பது நமக்குத் தெரியாமல் போகிறதே, அங்கேதான் இருக்கிறது. விழிப்பு கனவாக மாறும் அந்த இணைப்பை மறைத்துவைத்த படங்கள் இன்றும் நடுங்க வைக்கின்றன. “இதோ கனவு தொடங்குகிறது” என்று கொட்டு முழக்கி அறிவித்த படங்கள் வேடிக்கையாகிவிட்டன. கீழே உள்ள வரிசையை அந்த அளவுகோலில்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

முதல் படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்). இரத்தம் தாராளமாக உண்டு. அதைவிட முக்கியமானது, ஃப்ரெடி உயிரோடு இருந்தபோது குழந்தைகளைக் கொன்றவன் என்பது. படத்தை எழுதி இயக்கிய வெஸ் கிரேவன் முதலில் அவனைக் குழந்தைகளிடம் பாலியல் வன்முறை செய்தவனாகவே எழுதினார். அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவில் அத்தகைய வழக்குகள் பெரிய செய்தியானதால் அதை மாற்றினார். படத்தில் நேரடியாக எதுவும் இல்லை என்றாலும் நிழல் இருக்கிறது. 2010 மறு ஆக்கத்தில் அது வெளிப்படையாகவே வருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை.

இன்னொன்று: தூக்கத்தில் விழித்தும் அசைய முடியாமல், நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்ததுபோல் உணரும் தூக்க வாதம் உங்களுக்கு வருவதுண்டு என்றால், இதைப் பகலில் பாருங்கள். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதே அனுபவம்தான். கனவு காணும் தூக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்துவிடும். மூளை அதற்கு முந்திக்கொண்டு விழித்துவிட்டால் இப்படி ஆகும். ஆபத்தில்லை. ஆனால் படம் கிளறிவிடுவது அந்தப் பயத்தைத்தான்.

படி 2: படத்துக்குப் பின்னால் உள்ள செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கதைத் திருப்பத்தைக் கெடுத்துவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம். இது தெரிந்து பார்த்தால் படம் கனக்கிறது.

வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து மோங் மக்கள் ஆயிரக்கணக்கில் அகதிகளாக அமெரிக்கா வந்தார்கள். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அவர்களிடையே, ஆரோக்கியமாக இருந்த இளம் ஆண்கள் தூக்கத்திலேயே இறந்துபோகத் தொடங்கினார்கள். உடற்கூறு ஆய்வில் காரணம் எதுவும் தெரியவில்லை. கிரேவன் இவற்றை ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழில் தொடர்ந்து படித்தார். அவர் பேட்டிகளில் அடிக்கடி நினைவுகூர்ந்தது ஓர் இளைஞனின் கதை. கொடுங்கனவுக்குப் பயந்து நாள்கணக்கில் தூங்க மறுத்த அவன், கடைசியில் அசந்து தூங்கி, அலறிக்கொண்டே இறந்தான். பிறகு அவனுடைய அறையில் மறைத்துவைத்த காப்பிப் பாத்திரம் கிடைத்தது. படத்தில் நாயகி நான்சியின் அறையில் காப்பி இயந்திரத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ விளக்கம் பின்னால் வந்தது. இதயத்தின் மின்னோட்டக் கோளாறான ப்ருகாடா நோய்க்குறி 1992இல் விவரிக்கப்பட்டது; இப்படிப்பட்ட மரணங்களில் பலவற்றுக்கு அதுதான் காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. மோங் மரபிலோ, தூங்குபவரின் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும் ஆவி ஒன்று உண்டு. புலம்பெயர்ந்த இடத்தில் முன்னோர் சடங்குகளைச் செய்ய முடியாததால்தான் அது கொல்லும் துணிவு பெற்றது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பெரியவர்கள் எதையோ செய்தார்கள் அல்லது செய்யத் தவறினார்கள், இளையவர்கள் தூக்கத்தில் சாகிறார்கள் என்கிற அதே கோடுதான் கிரேவனின் திரைக்கதையிலும் ஓடுகிறது.

படி 3: முதல் படத்தைத் தனியாக, ஒரே மூச்சில் பாருங்கள்

ஒன்றரை மணி நேரப் படம். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். மூல ஆங்கில ஒலியோடு பாருங்கள், ஒலி நன்றாகக் கேட்க வேண்டும்: குழாயில் கத்தி உரசும் கிறீச்சிடலும் சார்ல்ஸ் பெர்ன்ஸ்டைனின் மின்னிசையும் கதை சொல்வதில் பாதி வேலையைச் செய்கின்றன. கயிறு தாண்டும் சிறுமிகளின் பாட்டை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

கதை எளிது. டினா, அவளுடைய காதலன் ராட், தோழி நான்சி, நான்சியின் காதலன் க்ளென் என நான்கு பதின்வயதினர் ஒரே மனிதனைக் கனவில் காண்கிறார்கள். எரிந்து வெந்த முகம், பழைய தொப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட ஸ்வெட்டர், விரல்களில் கத்தி பொருத்திய கையுறை. கனவில் பட்ட வெட்டு விழித்த பின்னும் உடலில் இருக்கிறது.

கனவுலகத்தின் விதிகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கனவில் காயம் என்றால் நிஜத்தில் காயம். கனவில் நீங்கள் இறுகப் பிடித்திருக்கும் பொருள், விழிக்கும்போது உங்களோடு வெளியே வரும். அவனுக்குத் தேவை உங்கள் பயம். மூன்றாவது விதியை வைத்துத்தான் முடிவு அமைகிறது. பின்னால் வந்த படங்கள் இவற்றைத் தம் வசதிக்கு வளைத்துக்கொண்டன. முதல் படம் ஓரளவு ஒழுங்காகவே பின்பற்றுகிறது.

படம் முடியும் வரை அடுத்த படியைப் படிக்காதீர்கள்.

படி 4: மறுபடி பாருங்கள், இம்முறை இணைப்புகளைத் தேடுங்கள்

முதல் முறை பார்க்கையில் ஃப்ரெடி படம் முழுக்க இருந்ததுபோல் தோன்றியிருக்கும். உண்மையில் அவன் திரையில் இருப்பது சுமார் ஏழு நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் நாம் அவனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பறைக் காட்சியில் தொடங்குங்கள். டினா கொலையான மறுநாள் நான்சி பள்ளிக்கு வருகிறாள். ஆசிரியை ஷேக்ஸ்பியர் நடத்துகிறார் (அந்த ஆசிரியை லின் ஷே, தயாரிப்பாளர் ராபர்ட் ஷேயின் சகோதரி). ஒரு மாணவன் எழுந்து படிக்கிறான். நான்சிக்குக் கண் சொக்குகிறது. படிப்பவனின் குரல் மெல்லத் தாழ்ந்து கரகரக்கிறது. வாசலில் பிணப்பையில் டினா. எந்த இடத்தில் கனவு தொடங்கியது? படம் மங்கவில்லை, ஒளி மாறவில்லை, எச்சரிக்கும் இசையும் இல்லை. அந்தக் குரல் ஒன்றே மாறியது. தாழ்வாரத்தில் அவளை நிறுத்தும் மாணவி போட்டிருக்கும் ஸ்வெட்டரின் நிறத்தைப் பார்க்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது. கொதிகலன் அறையில் நான்சி தப்பிக்கும் விதமும் அபாரம்: சூடான குழாயில் தன் கையைத் தானே வைத்துச் சுட்டுக்கொண்டு விழிக்கிறாள். தழும்பு நிஜத்திலும் இருக்கிறது. அந்த ஒரு காட்சியில் முதல் விதி விளக்கமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

அடுத்து குளியல் தொட்டி. அரைத்தூக்கம், வெதுவெதுப்பான தண்ணீர், தாயின் குரல், நீருக்கு நடுவே மெதுவாக எழும் கத்திவிரல்கள். தொட்டிக்கு அடியில்லை, அதைத் தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டியொன்றின் மேல் பொருத்தி, இயந்திர விளைவுகளுக்குப் பொறுப்பான ஜிம் டாயில் கீழே மூழ்கியிருந்து கையை உயர்த்தினார். நான்சியின் தலைக்கு மேல் சுவர் புடைத்து ஒரு முகம் உருவாகும் காட்சியிலும் அவரே. அங்கே சுவருக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய ஸ்பாண்டெக்ஸ் துணி. அதில் கணினி வரைகலை எதுவும் இல்லை. 2010 மறு ஆக்கம் இதே காட்சியைக் கணினியில் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், துணி வெல்கிறது.

டினாவின் மரணத்துக்கு அறை ஒன்றையே சுழலும்படி கட்டினார்கள். கட்டில், மேசை, விளக்கு எல்லாம் ஆணியடித்து இறுக்கப்பட்டன. கேமராவும் ஒளிப்பதிவாளரும் அறையோடு சேர்த்துக் கட்டப்பட்டார்கள். அறை உருளும்போது கேமராவும் கூடவே உருள்வதால் நம் கண்ணுக்கு அறை அசையவே இல்லை. டினாவாக நடித்த அமாண்டா விஸ் சுவரேறிக் கூரையில் ஊர்வதாகத் தெரிகிறது. உண்மையில் அவர் எப்போதும் தரையில்தான் இருக்கிறார். இதே அறையைத் தலைகீழாக்கி, கட்டிலின் துளை வழியாகச் சிவப்பு நீரை ஊற்றித்தான் க்ளென் இறக்கும் காட்சியை எடுத்தார்கள். நீர் கீழே கொட்டுவது, படத்தில் இரத்தம் கூரைக்குப் பீய்ச்சியடிப்பதாக மாறுகிறது. ஊற்றிய நீரின் எடையால் அறை தவறான பக்கம் சாய்ந்து, நீர் விளக்குகளில் பாய்ந்து, கிரேவனும் ஒளிப்பதிவாளர் ஜாக் ஹைட்கினும் இருக்கையில் கட்டப்பட்டபடி இருளில் தலைகீழாகத் தொங்கியது தனிக்கதை. க்ளென்னாக நடித்தவர் ஜானி டெப்; அவருக்கு அது முதல் படம்.

ஃப்ரெடியின் தோற்றத்தையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு மிகவும் உறுத்தும் நிறங்கள் எவை என்று ஓர் அறிவியல் இதழில் படித்துத்தான் கிரேவன் சிவப்பையும் பச்சையையும் தேர்ந்தெடுத்தார். தொப்பி, சிறுவயதில் அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று அவரையே உற்றுப் பார்த்துப் பயமுறுத்திய ஒரு மனிதருடையது. ஒப்பனைக் கலைஞர் டேவிட் மில்லருக்கு வெந்த தோலின் யோசனை கிடைத்தது பெப்பெரோனி பீட்சாவிலிருந்து. இதையெல்லாம் தாண்டி அவனுக்கு உயிர் கொடுத்தது ஃப்ரெடியாக நடித்த ராபர்ட் எங்லண்டின் உடல்மொழி. ஒரு தோள் தாழ்ந்து, கையுறையின் பாரம் இழுப்பதுபோல் நிற்கிற அந்த நிலை முகமூடி அணிந்த மற்றக் கொலைகாரர்கள் எவரிடமும் இல்லை.

கடைசியாகப் பெற்றோர்களைக் கவனியுங்கள். நான்சியின் தாய் மார்ஜ் குடிப்பவர். தந்தை காவல் அதிகாரி, ஆனால் மகள் சொல்வதைக் காதில் வாங்காதவர். குழந்தைகளைக் கொன்ற ஃப்ரெடி, சோதனை வாரண்டில் கையெழுத்து சரியாக இல்லாததால் வழக்கிலிருந்து தப்பினான். பெற்றோர்கள் கூடி அவனை உயிரோடு எரித்தார்கள், பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகளைக் காப்பாற்ற மார்ஜ் செய்வது என்ன? ஜன்னல்களுக்குக் கம்பி போடுகிறார், மகளைத் தூங்கச் சொல்கிறார். அன்பினால் செய்யும் இரண்டுமே அவளைக் கொல்லக்கூடியவை. எனக்கு இந்தப் படத்தின் மிகப் பயங்கரமான காட்சி அந்தத் தாய் “தூங்கு” என்று சொல்லும் இடம்தான்.

தூங்காமை பற்றி ஒரு துணுக்கு. விழித்திருப்பதில் உலகச் சாதனை பதினொரு நாள் என்று நான்சி சொல்வாள். 1964 ஜனவரியில் சான் டியேகோவைச் சேர்ந்த பள்ளி மாணவர் ராண்டி கார்ட்னர் 264 மணி நேரம் விழித்திருந்து அந்த அளவை எட்டினார். அவருக்கு அப்போது வயது 17.

முடிவு உங்களைக் குழப்பியிருந்தால் தவறு உங்களுடையது இல்லை. நான்சி ஃப்ரெடிக்கு முதுகைத் திருப்பி, அவனுக்குக் கொடுத்த பயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதோடு படத்தை முடிக்க நினைத்தார் கிரேவன். தொடர்ச்சிக்கு வழி விட வேண்டும் என்றார் தயாரிப்பாளர் ஷே. இருவரும் சமரசம் செய்துகொண்டதன் விளைவுதான் அந்தக் கார்க் காட்சி. கதவின் சிறு ஜன்னல் வழியாக இழுக்கப்படுவது பொம்மை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. வியாபாரமாகப் பார்த்தால் ஷே கணித்தது சரிதான்: சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்து, தள்ளாடிக்கொண்டிருந்த நியூ லைன் சினிமாவை நிமிர்த்தியது. ஃப்ரெடி கட்டிய வீடு என்றே அந்நிறுவனத்துக்குப் பெயர் வந்தது.

படி 5: இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போங்கள்

1987இல் வந்த ‘ட்ரீம் வாரியர்ஸ்’. கிரேவன் திரைக்கதைக்குத் திரும்பினார், சக் ரஸ்ஸல் இயக்கினார். களம் ஒரு மனநல மருத்துவமனை. ஃப்ரெடியிடம் சிக்கும் பிள்ளைகளைத் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று மருத்துவர்கள் முடிவு செய்து, மருந்து கொடுத்துத் தூங்கவைக்கப் பார்க்கிறார்கள். முதல் படத்தின் ஒரு தாய் இங்கே ஒரு நிறுவனமாக விரிந்துவிட்டது. நான்சி இப்போது கனவு ஆராய்ச்சியாளராக வருகிறாள். இம்முறை நம்பாத பெரியவர்கள் நடுவே முதலில் நம்புகிற பெரியவள் அவள். பட்ரீஷியா ஆர்கெட்டின் முதல் படமும் இதுவே.

பிள்ளைகள் கனவில் தங்களுக்குள்ள ஆற்றலைக் கண்டுபிடித்து எதிர்த்து நிற்பது இந்தப் படத்தின் புதுமை. நரம்புகளே கயிறுகளாகி ஒரு சிறுவன் பொம்மலாட்டப் பொம்மைபோல் நடத்திச் செல்லப்படும் காட்சியை இந்தத் தொடரில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஃப்ரெடி நகைச்சுவை வசனம் பேசும் காட்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து அவன் பேசிக்கொண்டே இருக்கிறான்.

படி 6: நேராக 1994க்குத் தாவுங்கள்

‘வெஸ் கிரேவன்’ஸ் நியூ நைட்மேர்’. ஹெதர் லாங்கன்காம்ப், நான்சியாக நடித்த நடிகை என்கிற தன் சொந்த அடையாளத்தோடேயே வருகிறார். எங்லண்ட், ஷே, கிரேவன் எல்லோரும் அவரவராகவே. கதைகளாகச் சொல்லிக் கட்டிவைத்திருந்த ஒரு பழம்பெரும் தீமை, படங்கள் நின்றுபோனதும் ஃப்ரெடியின் உருவில் வெளியே வருகிறது. கிரேவன் கணினியில் எழுதிக்கொண்டிருக்கும் திரைக்கதையில், சற்று முன் அந்த அறையில் பேசிய வசனங்களே இருக்கின்றன.

இணைப்பை மறைக்கும் கலை இங்கே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கனவுக்கும் விழிப்புக்கும் நடுவே இருந்த தையல் இப்போது படத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே வந்துவிட்டது. படப்பிடிப்புக் காலத்தில் 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் ஏற்பட்டது. இடிந்த தெருக்களைப் படக்குழு அப்படியே எடுத்துச் சேர்த்தது. வசூல் பெரிதாக இல்லை. இரண்டு ஆண்டு கழித்து இதே விளையாட்டை இலகுவாக்கி ‘ஸ்க்ரீம்’ படத்தில் ஆடியபோதுதான் கிரேவனுக்குக் கூட்டம் வந்தது. என் கணக்கில் இது தொடரின் இரண்டாவது சிறந்த படம்.

படி 7: இப்போது இரண்டாவதைப் பாருங்கள்

1985இல் வந்த ‘ஃப்ரெடி’ஸ் ரிவெஞ்ச்’ முதல் படத்தின் விதிகளை மீறுகிறது. ஃப்ரெடி இங்கே ஜெஸ்ஸி என்ற இளைஞனின் உடலுக்குள் புகுந்து வெளியுலகில் கொல்லப் பார்க்கிறான். விருந்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே வெளிப்படையாகவே நிற்கிறான். பயம் அங்கேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் தள்ளிவைத்தேன். ஆனாலும் இதைப் பார்க்க வேறொரு காரணம் உண்டு: தன் உடலுக்குள் இன்னொருவன் இருப்பதாக நடுங்கும் ஜெஸ்ஸியின் கதையைத் தன்பாலீர்ப்பை மறைத்து வாழும் இளைஞனின் கதையாகப் பலர் வாசித்தார்கள். ஜெஸ்ஸியாக நடித்த மார்க் பேட்டன் அப்போது தன் தன்பாலீர்ப்பை வெளியில் சொல்ல முடியாத நிலையில் இருந்தவர். படம் வந்த காலத்தில் கேலிக்குள்ளானார், நடிப்பை விட்டு விலகினார். 2019இல் வந்த ‘ஸ்க்ரீம், குயின்!’ ஆவணப்படம் அவர் தரப்பைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்ப்பது நல்லது.

படி 8: மிச்சத்தை மனநிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

நான்காவதை (1988) ரெனி ஹார்லின் இயக்கினார். வண்ணமயம், வேகம், அந்த ஆண்டு நல்ல வசூல். ஒரு பெண் கரப்பான்பூச்சியாக மாறும் காட்சியின் ஒப்பனைக்காகப் பார்க்கலாம். இந்தக் காலத்தில் ஃப்ரெடி பொம்மைகளும் பிளாஸ்டிக் கத்திக் கையுறைகளும் கடைகளில் விற்றன. குழந்தைகளைக் கொன்றவனாக எழுதப்பட்ட பாத்திரம் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளானது அமெரிக்க வணிகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

ஐந்தாவது (1989) பார்க்க அழகாக இருக்கும், கதை நிற்காது. ஆறாவதை (1991) விட்டுவிடுங்கள். கடைசிப் பகுதி முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது, ஜானி டெப் ஒரு கணம் தலைகாட்டுவார், அவ்வளவே. ரோனி யூவின் ‘ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்’ (2003) நண்பர்களோடு இரைச்சலாகப் பார்க்க ஏற்றது. எங்லண்ட் திரைப்படங்களில் அந்த ஸ்வெட்டரைக் கடைசியாக அணிந்தது அதில்தான்.

2010 மறு ஆக்கத்தில் ஜாக்கி எர்ல் ஹேலி ஃப்ரெடி, ரூனி மாரா நான்சி. அதில் உருப்படியான ஒரு யோசனை இருக்கிறது: நெடுநேரம் விழித்திருப்பவரின் மூளை சில நொடிகள் தானாகவே அணைந்து எரியும் குறுந்தூக்கம். இது மருத்துவத்தில் உண்மையானது, கதைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த யோசனையை வைத்துக்கொண்டு, காட்சிக்குக் காட்சி உரத்த சத்தத்தால் திடுக்கிட வைப்பதில் படம் அதை வீணாக்கிவிட்டது.

நம் நாட்டுப் பதிப்பும் ஒன்று உண்டு. ராம்சே சகோதரர்களின் இந்திப் படம் ‘மஹாகால்’, 1994. முதல் படத்தின் காட்சிகள் அப்படியே வரும், நடுநடுவே பாட்டு, கூடவே ஜானி லீவரின் நகைச்சுவை. கொலைகாரன் இங்கே மந்திரவாதி. பயப்பட முடியாது, ஆனால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

2010இல் வந்த நான்கு மணி நேர ஆவணப்படம் ‘நெவர் ஸ்லீப் அகெய்ன்’ ஒவ்வொரு படத்தின் தயாரிப்பையும் தனித்தனியாக விவரிக்கிறது. கதை சொல்பவர் லாங்கன்காம்ப். அதை ஒன்று, மூன்று, ஏழு (‘நியூ நைட்மேர்’) ஆகிய படங்களைப் பார்த்து முடித்த பிறகே எடுங்கள், ஏனென்றால் எல்லா முடிவுகளையும் அது சொல்லிவிடும். ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை; படத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்திருப்பதால், பார்த்த படங்களின் பகுதியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.